ஆட்டு நுரையீரல் சுமந்தவன் சொல்வது

ஆராய்ச்சிக்கூடத்து அட்டெண்டர் என்றால், சாமான் வாங்கி வருகிறவனும் அவனே, சாமான் சரியில்லை என்று வசவு வாங்குகிறவனும் அவனே. எடுபிடியாக எங்கே நின்றவர்களுக்கும் நான் சொல்வது புரியும். எழுபதுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் எனக்கு அந்த வேலை, அதுவும் தற்காலிகம். நிரந்தரமாக்கித் தருகிறேன் என்று ஆராய்ச்சியை நடத்திய மேடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பின்னால் வருகிற அத்தனையும் பொறுத்தேன்.

கறிக்கடையில்

தினமும் விடிந்ததும் சாலைக்கடைச் சந்தையில் நிற்க வேண்டும். ஆடு வெட்டிய சூடு ஆறுமுன் நுரையீரல், இதயம், சுவரொட்டி என்கிற மண்ணீரல், ஒரு துண்டு ஈரல். கறி வேண்டாம். கறி வேண்டாம் என்று கறிக்கடையில் நிற்கிறவனை ஊர் எப்படிப் பார்க்கும்? கடைக்காரர், ஊருக்கெல்லாம் இக்கா, அதாவது அண்ணன், ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காரணம் கேட்டார். உடம்புக்குள்ளே சர்க்கரையைப் பிடிக்கிற புரதம் இருக்கிறதாம், எந்த உறுப்பில் எவ்வளவு என்று மேடம் பார்க்கிறார் என்றேன். கடையே சிரித்தது.

“சின்ன வயசுலேந்து வெட்டுறேன் அண்ணாச்சி, ஒரு ஆட்டுலயும் சர்க்கரை கண்டதில்ல. மேடத்துக்கு நல்ல தொடைக்கறி கொண்டு கொடுங்க, எல்லாம் சரியாகும் கேட்டோ!”

பஸ்ஸில்

ஐஸ் போட்ட தூக்குவாளியோடு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவேன். ஐஸ் கரைந்தால் சாமான் பாழ். அன்று மூடி சரியாக உட்காரவில்லை. சிவப்புத் தண்ணீர் ஒழுகி, கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு மாமியின் காலடிக்குப் போய்விட்டது. மாமி காலை சீட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டு “சிவ சிவா” என்றார். ஆராய்ச்சிக்கு என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கண்டக்டர் மணியை இழுத்தார்.

“அண்ணாச்சிக்கு டிக்கெட் உண்டு, ஆட்டுக்கு இல்லல்லோ. எறங்கு, எறங்கு!”

மிச்ச தூரம் வெயிலில் ஓடினேன். வாளிக்குள்ளே இருந்தது குளிர்ந்தது, நான் வெந்தேன்.

கேட்டது குற்றம்

இவ்வளவு சுமக்கிறோமே, எதற்கு என்று மேடத்திடம் கேட்டேன். நல்ல மனுஷி, கை கழுவிக்கொண்டே சொன்னார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் மேலே சர்க்கரை துளிர் மாதிரி நீட்டிக்கொண்டு இருக்குமாம். நுரையீரலிலும் இதயத்திலும் இருக்கிற புரதம் அதைப் பிடித்து, அணுவோடு அணுவைச் சேர்த்து வைக்குமாம். ஈரலில் இருக்கிற இன்னொன்று, ரத்தத்தில் பழசாகிப் போனதைச் சர்க்கரை பார்த்தே அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். கிருமியின் மேலே இருக்கிற சர்க்கரையைப் பிடிக்கிறதும் உண்டாம்.

சோதனையும் காட்டினார். நுரையீரலை அரைத்து எடுத்த சாற்றை முயல் ரத்தத்தில் விட்டால், ரத்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாலில் இருக்கிற சர்க்கரையைக் கொஞ்சம் சேர்த்தால், புரதம் அதைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தை விட்டுவிடும். நான் வாய் பிளந்து நின்றேன். பின்னாலிருந்து சுரேந்திரன், அங்கே ஆராய்ச்சி மாணவர், குரல் கொடுத்தார்.

“அண்ணாச்சிக்கு எதுக்கு மேடம் கிளாஸ் எடுக்கறீங்க? கழுவாத குப்பி அங்கே மலை மாதிரி கிடக்குது!”

ஒட்டாத ரத்தம்

ஒரு வாரம் ரத்தம் ஒட்டவே இல்லை. நான்தான் நேற்றைய மிச்சத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி வருகிறேன் என்று சுரேந்திரன் என் மேல் பழி போட்டார். வெட்டிய சூட்டோடு வாங்கி, ஓடி ஓடிச் சுமந்தவனுக்கு இந்தப் பேர்! மேடம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“நாளைக்கு வேறே ஆளை அனுப்பட்டுமா?”

நிரந்தர வேலை போகட்டும், இருக்கிற வேலையே போகிற மாதிரி இருந்தது. “நீங்களே வந்து பாருங்க” என்றுவிட்டேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

டீ நேரம்

மேடம் வந்தார். கறிக்கடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, அவர் கண் முன்னாலேயே எடுத்த நுரையீரலைக் கொண்டுபோனோம். அதுவும் ஒட்டவில்லை. பழசு என்று இனி யார் சொல்வது? மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது டீ வந்தது. யாருக்குப் பால் கூட, யாருக்குக் குறைவு என்று போன வாரம் அங்கே ஒரு சண்டை. அதிலிருந்து சுரேந்திரன், படித்தவர் அல்லவா, பாலை அளவுக்குழாயில் கோடு பார்த்து அளந்து ஊற்றுவார். ஊற்றி முடித்து, பச்சைத் தண்ணீரில் ஒரு குலுக்குக் குலுக்கி, நான் கழுவி அடுக்கிய வரிசையிலேயே வைத்தார். நுரையீரல் சாறு அளக்கிற குழாயும் அதுதான். மேடம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே வெள்ளையாகப் பால் படிந்திருந்தது; ஒரு வாரமாக ரத்தத்தை விட்டுவிட்டு நுரையீரல் புரதம் பிடித்தது அந்தப் பால் சர்க்கரையைத்தான்.

வேறு குழாயில் அளந்ததும் ரத்தம் திரிதிரியாக ஒட்டியது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடம் மட்டும், “நாளைக்கும் நீங்களே போங்க” என்றார். அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. அன்றைக்கு சுரேந்திரன் என் தோளில் கை போட்டார்.

“நான் பால் அளந்ததாலதானே அண்ணாச்சி யோக்கியன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது! எங்கே, எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்க!”

சர்க்கரையைப் பிடிக்கிற புரதம் நுரையீரலில், இதயத்தில், ஈரலில் எல்லாம் இருப்பதை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், செய்த தப்பை ஒப்புக்கொள்ள வைக்கிற புரதம் எந்த உறுப்பில் இருக்கிறது என்று தேட மட்டும் என்னை யாரும் கறிக்கடைக்கு அனுப்பவில்லை.