கட்டைக் கரும்பைக் கேட்காத ஆப்

எங்கள் சர்க்கரை ஆலையின் கடலூர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் ஆறு வருடமாக நான்தான். 2011-ல் சிதம்பரத்திலிருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். ரயிலில் வந்து திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, நான் வருவதற்கு முன்பே சீட்டில் உட்கார்ந்திருப்பாள். அதுவே எனக்குப் பிடிக்காது.

ஊர் ஊராகப் போய்க் கரும்பைப் பார்த்துவரும் ஆலையின் பீல்டுமேன்கள் வயலில் நின்றபடியே கரும்பைப் பதிவு செய்ய ஒரு மொபைல் ஆப் வேண்டும் என்றார் மேனேஜர். கரும்பின் வயதை வைத்துத்தான் விவசாயிக்கு வெட்டு உத்தரவு போகும். இப்படி ஒரு வேலை வராதா என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். வந்தது, அவளிடம் கொடுத்தார். வயிறு எரிந்தது, மறைப்பானேன். டீக்கடையில்கூட பீல்டுமேன்கள் அவளைச் சுற்றித்தான் நின்றார்கள். என் புரோகிராமை ஒருத்தர் பாராட்டியதில்லை.

வேலை முடிந்ததும் போனை என்னிடம் நீட்டி, தப்பு இருந்தால் சொல்லச் சொன்னாள். தப்பைத் தேடித்தான் வாங்கினேன். இரண்டாவது பக்கத்திலேயே கிடைத்தது. நட்ட தேதியைக் கேட்டது ஆப். கட்டைக் கரும்பா என்று கேட்கவில்லை. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்புக்குப் போன வெட்டிலிருந்துதான் வயது. பெண்ணாடம் பக்கம் கரும்புக் கொல்லையில் வளர்ந்தவன் நான். அதைப் பற்றி அலுவலகத்தில் மூச்சுவிட்டதில்லை. டக்-இன் செய்த சட்டைக்குப் பொருந்தாது என்று நினைப்பு. நல்லா இருக்கும்மா என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

முதல் வாரமே, கட்டைக் கரும்புக்கு எந்தத் தேதியைப் போடுவது என்று பீல்டுமேன்கள் போன் மேல் போன் செய்தார்கள். மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தமே வரவில்லை. தனக்குக் கரும்பு தெரியாது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாளாம். மறுநாள் பீல்டுமேன்களோடு ஜீப்பில் போனாள். சேறு படிந்த செருப்போடு திரும்பி, சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டாள்.

பிறகு என் மேஜைக்கு வந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், தெரியாதென்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பரவால்ல சார். நீங்களும் என்னாட்டம் ஆபீஸ்லயே இருக்கறவங்க. கரும்பப் பத்தி உங்களுக்கு மட்டும் எப்டி தெரியும்?"

"ஆமாம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு எந்தச் சந்தேகமானாலும் அவள் பீல்டுமேன்களைத்தான் கேட்டாள்.