நான் பொய்யாக்கிய கண்ணளவு

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் சமூக உளவியல் நடத்தியவன் நான். சோதனைக்கு உட்பட்டவரிடம், அது முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நானே அதைச் செய்யவில்லை.

ஓய்வுபெறச் சில ஆண்டுகள் இருந்தபோது நடந்தது. சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் தவறாகச் சொன்னால் ஒருவர் தன் கண்ணையே சந்தேகிப்பாரா என்பது என் ஆய்வு. கட்டுமாவடி மீன் ஏலத்துக்குப் போனேன். அங்கே கூடையைத் தராசில் ஏற்றுமுன் கண்ணளவில் எடை சொல்வார்கள். ஒரு பெண்மணி சொன்னால் அரைக் கிலோகூடத் தப்பாது. அவர் சொன்ன பிறகே ஏலம் தொடங்கும். என் மாணவர்கள் நால்வரை வெளியூர் வியாபாரிகள்போல நிறுத்தி, அவருக்கு முந்தி "ஒன்பது கிலோ" என்று சொல்ல வைத்தேன். அவர் கூடையைப் பார்த்தார். நால்வரையும் பார்த்தார். "ஒம்பதுதான்" என்றார்.

தராசு பதினான்கு காட்டியது.

"என்னக்கா, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார் ஏலக்காரர். கரையே சிரித்தது. குறிப்பெடுத்துக்கொண்டே நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அதே கரையில் வேறு சிலரைச் சோதிக்க வேண்டியிருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள். அதனால் அவரிடம் சொல்லவில்லை. பிறகு வெட்கம் தடுத்தது.

போன மாதம் மீன் வாங்கப் போனபோது அவர் ஓரமாக உட்கார்ந்து செதில் சீவிக்கொண்டிருந்தார். எடை சொல்ல அவரை யாரும் கூப்பிடுவதில்லையாம். எந்தக் கூட்டத்தின் முன் அவர் பெயரைக் கெடுத்தேனோ, அந்தக் கூட்டத்தின் முன்தான் சொல்லியாக வேண்டும். மறுநாள் முதல் பஸ்ஸில் போய், ஏலம் தொடங்குமுன் நடந்ததை உரக்கச் சொன்னேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"பதினாலுன்னுதான் எனக்குப் பட்டுச்சு. நாலு பேரு சொல்றாகளேன்னு மாத்துனேன். அதுக்கப்புறம் என் கண்ண நானே நம்பல. ஏன் சார், இத்தன வருசமா இங்கிட்டு வர ஒங்களுக்கு ஒரு பஸ்ஸு கெடைக்கலையா?"

ஏலக்காரர் ஒரு கூடையை அவர் முன் இழுத்து வைத்தார். "சொல்லுக்கா."

"மொதல்ல சார் சொல்லட்டும்."

"எட்டு" என்றேன்.

"பதினொன்னர" என்றார் அவர். "இந்தக் கரையே எட்டுன்னாலும் பதினொன்னர."

கூடை தராசில் ஏறியது. அவர் தராசைத் திரும்பிப் பார்க்கவில்லை.