ஒரு டெராபைட் ஆசை

விரல் நீளம் இருக்கும் இரண்டு பச்சைப் பட்டைகளைக் கண்ணாடி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கரண்ட் அடிக்கடி போற இடமாம்மா?" இல்லை என்றேன். அது பொய். அந்தப் பொய்யின் பயம் எனக்கு இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

அப்போது நான் திருவெறும்பூர் தாண்டி ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். பாய்லருக்கான பெரிய பெரிய இரும்பு உருளைகள் செய்கிற இடம். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், நாள் முழுக்க உட்கார்ந்து அவற்றுக்கு வரைபடம் போடுவேன். எங்கள் பிரிவின் தலைவரை எல்லோரும் 'டிராயிங் சார்' என்போம். பொன்மலையில் வீடு. சத்தம் போட்டுப் பேசமாட்டார், ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் நாங்கள் அத்தனை பேரும் வேலையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வோம். நான் உட்காரும் கம்ப்யூட்டரோ, ஒரு உருளையின் மாடலைத் திறக்கச் சொன்னால் டீ குடித்துவிட்டு வரும்வரை யோசிக்கும். சார் மேலிடத்தில் நடையாய் நடந்து, ஃபைல்களைச் சேமித்து வைத்துச் சட்டென்று திறக்கிற எஸ்எஸ்டி ஒன்றே ஒன்றுக்கு அனுமதி வாங்கினார். "நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க, உங்களுக்குத்தான் தெரியும்" என்று அவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைக்காரர் காட்டிய இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. ஒன்று அரை டெராபைட். திடீரென்று கரண்ட் போனாலும், கையில் இருப்பதை எழுதி முடித்துவிட்டுத்தான் அது அணையும் என்றார். இன்னொன்று ஒரு டெராபைட். வேகமும் ஜாஸ்தி, ஆனால் கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்தது அம்போ. இவ்வளவு தெளிவாக ஒரு மனுஷன் சொல்லியும் என் புத்தி எங்கே போயிற்றோ! ஆபீஸில் எல்லோரும் இடம் போதவில்லை, இடம் போதவில்லை என்று புலம்புவார்கள். ஒரு டெராபைட்டோடு போய் நின்றால் அத்தனை பேரும் வாயைப் பிளப்பார்கள். யூபிஎஸ் இருக்குங்க, கரண்ட்டெல்லாம் பிரச்சினையே இல்லை என்று அடித்துவிட்டேன்.

யூபிஎஸ் இருந்தது, வாஸ்தவம்தான். அதன் பின்னால் என்ன மாட்டியிருந்தது என்பதைத்தான் சொல்லவில்லை. திருச்சி வெயில் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரண்ட் போனாலும் காற்று வரட்டும் என்று டேபிள் ஃபேனை யூபிஎஸ்ஸில் சொருகி வைத்திருந்தோம். சொருகியவளே நான்தான். பேட்டரிக்கும் வயதாகிவிட்டதால், கரண்ட் போனால் ஃபேன் நாலு சுற்றுச் சுற்றும், பிறகு எல்லாமே படுத்துவிடும்.

எஸ்எஸ்டி வந்து மூன்று மாதம் நான்தான் ஆபீஸில் ராணி. அதற்கப்புறம் வந்தது அந்த நாள். ஒரு உருளை அன்று மாலையே லாரி ஏற வேண்டும். கிரேன் கொக்கி மாட்டுவதற்காக அதன்மேல் இரண்டு இரும்புக் காதுகளைப் பற்றவைப்பார்கள், பானைக்குக் காது மாதிரி. உருளையின் எடை கடைசி நேரத்தில் கூடிவிட்டதால், இருபது மில்லிமீட்டராக இருந்த காதின் தடிமனை முப்பத்திரண்டாக மாற்றச் சொன்னார் சார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, நான் மாற்றுவதைக் கண்ணால் பார்த்தார். சேமித்தேன். சார் அந்தப் பக்கம் திரும்பினார், கரண்ட் போனது. ஃபேன் தன் நாலு சுற்றைச் சுற்றியது, ஸ்கிரீன் இருண்டது. கரண்ட் வந்ததும் ஃபைல் சமர்த்தாகத் திறந்தது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. பிரிண்ட் எடுத்து நீட்டினேன். "மாத்துனது இருக்குல்ல?" என்று கேட்டார். "இருக்கு சார்" என்றேன். அவரேதான் பார்த்திருந்தாரே, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கரண்ட் வந்த பிறகு முதலில் எடுத்த பிரிண்ட்டில் மை கோடு கோடாக விழுந்திருந்தது, இரண்டாவதாக எடுத்ததைத்தான் சாரிடம் நீட்டியிருந்தேன். அந்த மாதிரி வீணான தாள்களில்தான் நாங்கள் டிபன் பாக்ஸைச் சுற்றி எடுத்துப் போவோம், மிச்சக் குழம்பு கைப்பையில் ஒழுகாமல் இருக்க. மாலை பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது குழம்பு வாடை அடித்தது. பையைத் திறந்து தாளைப் பிரித்தேன். காதின் பக்கத்தில் இருபது என்று இருந்தது.

சேமித்தது எஸ்எஸ்டியில் ஏறவேயில்லை, திறந்தது பழைய ஃபைல், பட்டறையில் இருப்பதும் இதே பிரிண்ட்தான் என்பது ஒரே மூச்சில் புரிந்தது. உருளையைத் தூக்கும்போது கீழே நின்று கயிற்றைப் பிடித்துக் கை காட்டுகிறவர் எங்கள் கிரேன் மேஸ்திரி. துறையூர்க்காரர், மகன் அப்போது ரெண்டாம் கிளாஸ். போனை எடுத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: திரும்பப் பைக்குள் வைத்தேன். இருபதே தாங்கிவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனசு சொன்னது. பாலம் முடியும்வரை அந்த நினைப்போடு உட்கார்ந்திருந்தேன். அம்மாமண்டபம் ஸ்டாப் வந்தபோது போனை மறுபடி எடுத்து சாரைக் கூப்பிட்டேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார்.

"சார், காது இருபதுலயே போயிருக்கு."

அவர் போனை அணைக்கவில்லை. ஓடுகிற சத்தம் கேட்டது. இரும்புத் தரையில் ஷூ சத்தம். அப்புறம், அதுவரை நான் கேட்டேயிராத ஒரு குரலில், "இறக்கு, இறக்கு, எல்லாரும் வெளியே வா" என்று கத்தினார். பஸ்ஸில் யாரோ என்னம்மா ஆச்சு என்று கேட்டார்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். உருளை ஒரு முழம் எழும்பியிருந்ததாம், ஒரு காது லேசாக வளைந்திருந்ததாம்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஃபேன், கடைக்காரர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பொய், பாலம் முடியும்வரை பேசாமல் இருந்தது, ஒன்று விடாமல். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். திட்டினால் தேவலையே என்று இருந்தது. "கையெழுத்து என்னுது, மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா மேஸ்திரிகிட்ட நீங்கதான் சொல்லணும். எப்பன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார். அந்த வாரமே அரை டெராபைட் வந்தது. ஃபேனைச் சுவரில் மாட்டினோம். யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வந்தது.

நான் சொல்வதற்குள் மேஸ்திரியே வந்துவிட்டார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. நான் போன் பண்ணியதால்தான் அவர் பிழைத்தார் என்று பட்டறையில் பேச்சு. அந்த அம்மா ரங்கநாதர் சன்னதிக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார்கள். துளசியை என் கையில் வைத்துவிட்டுக் காலில் விழப் போனார்கள். பதறித் தடுத்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. சார் அடுத்த மேஜையில்தான் இருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் எப்போதோ சொல்லித் தொலைத்திருப்பேன்.

போன மாதம் சார் காலமானார். பொன்மலை வீட்டுக்குப் போனபோது வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் காலேஜ் படிக்கும் மகன். "இந்த அம்மாதான்டா அப்பாவக் காப்பாத்துனது" என்றார். பையன் கைகூப்பினான். உள்ளே சார் படுத்திருந்தார். இனி அவர் கேட்கவே மாட்டார் என்ற நினைப்பு என்னை அப்படியே உலுக்கிவிட்டது. மேஸ்திரியை வேப்பமரத்துப் பக்கம் தனியாகக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பாலத்தையும் சொன்னேன்.

அடித்துவிடுவாரோ என்றுகூடப் பயந்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் பொண்டாட்டி தெனமும் உங்க பேரச் சொல்லித்தான் வெளக்கேத்துறா. அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க" என்றார்.

சரிங்க என்றேன்.