தூரத்தை மறுபடி அளந்தவர்

ஞாயிறு காலை பிலிமத்தலாவையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. "சார், அக்கா போயிட்டாங்க," என்றார் லெட்சுமியின் தம்பி.

லெட்சுமி ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கண்டியில் பௌதிகம் படித்து, பல்கலைக்கழகத்தில் பதினேழு ஆண்டுகள் என்னுடன் ஒரே அறையில் பணியாற்றினார். வெளிநாட்டுத் தொலைநோக்கிகள் எடுத்த படங்களைக் கொண்டு, நமக்கு அண்மையிலுள்ள விண்மீன் மண்டலங்களின் தூரத்தைக் கணிப்பது அவருடைய ஆய்வு.

"எல்லாரும் பிரபஞ்சத்தின்ர விளிம்பையெல்லோ பாக்கினம். நீங்கள் ஏன் கிட்டவே நிக்கிறீங்கள்?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"பக்கத்து வீடு எங்க இருக்குன்னே சரியாத் தெரியாம ஊரோட படத்த எப்படி சார் வரையிறது?" என்றார்.

சில சிறிய மண்டலங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்பதாக அவர் எழுதிய கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அதை வைத்தே ஐரோப்பாவில் ஆய்வு செய்ய அழைப்பும் வந்தது. பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல், என் மேசையருகே வந்து நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன் சார்."

இடையிலுள்ள தூசி ஒளியை மங்கச் செய்யும். ஒரு திசையில் அந்தத் தூசியை அவர் குறைவாக மதிப்பிட்டிருந்தார். அதனால் சில மண்டலங்கள் உள்ளதைவிடத் தூரமாகத் தெரிந்துவிட்டன.

"ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம். விடுங்கோ," என்றேன். இதை எழுத இன்று வெட்கமாக இருக்கிறது.

"நான் கண்டுபிடிச்சிட்டேனே சார்."

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ஐரோப்பிய வாய்ப்பும் கைவிட்டுப் போனது. சில நாட்கள் கண் சிவந்துதான் வேலைக்கு வந்தார். அடுத்த திங்கட்கிழமை, முதலாவது மண்டலத்திலிருந்து மறுபடி தொடங்கினார். மூன்று ஆண்டுகள் ஆயின. நேர்கோடு கலைந்துபோனது. அந்த மண்டலங்கள் மெல்லிய தகடுபோல் பரந்து கிடந்தன. பிரபஞ்சத்தின் அமைப்பை ஆராயும் பலர் இன்று அவருடைய தூரங்களை நம்பி எடுத்தாளுகிறார்கள்.

பின்னர் அவரை நோய் பிடித்தது. அது முற்றிய பிறகும் மடிக்கணினியை விடவில்லை. கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது என்னிடம் சொன்னார்: "இன்னும் நாலு மண்டலம் பாக்கி இருக்கு சார். நீங்க பாருங்க. கணக்கு வரலைன்னா வரலைன்னே எழுதுங்க."

அவரைத் தோட்டத்து மண்ணில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மறுநாள், அவருடைய கதிரையில் அமர்ந்து அந்த நான்கில் முதலாவதைத் திறந்தேன். மாலைவரை முயன்றேன். கணக்கு வரவில்லை. அப்படியே எழுதிவைத்தேன்.

போய் வாருங்கள், லெட்சுமி. காலையில் மறுபடி பார்க்கிறேன்.