இறக்கி வைக்காத செம்பு

எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. கட்டட வேலைக்கு வந்த கூலிக்காரர்கள் தங்கிய இடம். அவர்கள் போனபின், போக்கிடம் இல்லாதவர்கள் அதில் ஒண்டிக்கொண்டார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும் நானும் என் வீட்டுக்காரியும் அங்கே பொங்கல் கொண்டுபோய்க் கொடுப்போம்.

அங்கேதான் அந்த அம்மாளைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். மடியில் தண்ணீர் நிறைந்த பித்தளைச் செம்பு, அதன்மேல் காய்ந்த வேப்பிலை. அதைக் கீழே வைக்கவே மாட்டாள். உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள்.

அவள் ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தோண்டுவதற்கு முன், சிலையிலிருந்த மாரியம்மனைப் பூஜை செய்து தண்ணீரில் இறக்கி, குடத்திலும் செம்பிலுமாகப் பெண்கள் புது இடத்துக்குச் சுமந்து போனார்களாம். இவள் பின்தங்கிவிட்டாள். போய்ச் சேர்ந்தபோது அந்தத் தண்ணீரால் புதுச் சிலைக்கு அபிஷேகம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. இவள் செம்பை வாங்க ஆளில்லை. "கொட்டிட்டு வாடி" என்றானாம் புருஷன். இவள் கொட்டவில்லை. அவன் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

"எனக்கு வூடு இல்லாட்டி போவுதுங்க ஐயா. ஆத்தா குந்தறதுக்கு ஒரு எடம் வேணாங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

கொட்டகைக்காரர்கள் அவளுக்கு அருள் வந்திருப்பதாகவே நம்பினார்கள்.

"யக்கா, எம் மவனுக்கு வேல எப்ப பர்மனெண்டு ஆவும்? ஆத்தாள கேட்டுச் சொல்லேன்" என்றாள் ஒருத்தி.

"ஆத்தாளே டெம்பரவரியா என் மடியில கெடக்குறா. உம் மவனுக்கு இன்னாத்த கேக்குறது?"

சிரித்தார்கள். சிரித்துவிட்டு விழுந்தும் கும்பிட்டார்கள். கும்பிடக் கும்பிட அவள் செம்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சாப்பாடு குறைந்தது, கண் குழிவிழுந்தது.

"இது சாமி இல்லீங்க, மனசு ஒடிஞ்சி போயிருக்கு. டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றாள் என் வீட்டுக்காரி. சொன்னேன். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும், சொந்தக்காரர் ஒருவர் கூட வர வேண்டும் என்றார் டாக்டர். சொந்தத்துக்கு நான் எங்கே போவேன்?

அந்தச் சமயம் கொட்டகையில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டது. ஆத்தாளைச் செம்பில் அடைத்து வைத்திருப்பதால் வந்த கோபம், இறக்கிவிட்டால் குழந்தையும் பிழைக்கும், இவளுக்கும் தெளியும் என்று முடிவு செய்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை. கூழ் ஊற்றி, மஞ்சள் பூசி, குலவையிட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

நான் காலை ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்தபோது, கொட்டகை முன்னால் இருந்த வேப்பமரத்தடி செம்புத் தண்ணீரை ஊற்றி ஈரமாக இருந்தது. அவள் வெறும் செம்புக்குள் கைவிட்டுத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா எறங்கிட்டா யக்கா. இனிமே ஒனக்கும் நல்லாயிடும்" என்று பக்கத்தில் ஒருத்தி அவளுக்குத் தலை வாரினாள்.

"எங்க எறங்குனா? மண்ணு குடிச்சிடுச்சே" என்றாள்.

அதன்பின் அவள் பேசி நான் கேட்கவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. இவள் ஒரு விடியற்காலை செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சுரங்க வேலியோரம் காவல்காரரிடம் தன் ஊருக்கு வழி கேட்டாளாம். அவர் விளையாட்டாகப் பள்ளத்தைக் காட்டி, "அதோ, அங்கதான் இருந்துச்சு" என்றாராம். தலையாட்டிவிட்டு வேலியை ஒட்டியே நடந்தாளாம். பக்கத்து ஊரான வடக்குத்து தொடங்கிப் பண்ருட்டி வரை தேடிப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

செம்பு எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. வெள்ளிதோறும் தண்ணீர் நிரப்பி, தாயே, அவளுக்கு ஓர் இடம் கொடு என்று கேட்கிறேன். கொடுத்திருப்பாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று ஒவ்வொரு வாரமும் தடுமாறி நிற்கிறேன்.