கம்பம் இல்லாத படிப்பு

வேணிக்குக் கரண்டைப் பற்றி இரண்டு விஷயம் தெரியும். அது ஆளைக் கொல்லும். நிறுத்திவைத்த பிறகும் கொல்லும். முதலாவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டாவதைத் தெரிந்துகொள்ள அவள் தன் கணவனைக் கொடுக்க வேண்டியிருந்தது.

ராசப்பன் ஒரு காண்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குக் கம்பம் ஏறியவன். ஏழு வருடத்துக்கு முன்னால் தொட்டியம் பக்கம் ஒரு தெருவில் கரண்டை நிறுத்திவிட்டு வேலை பார்த்தான். காலையில் வேணி போன் செய்தபோது, "லைன் ஆஃப்லதான் இருக்கு, பயப்படாத" என்றான். பொய் சொல்லவில்லை. லைன் ஆஃபில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் யாரோ ஒரு மகராசன் தன் வீட்டு மெயின் சுவிட்சை இறக்காமல் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டான். வீட்டுக்குள் ஓட வேண்டிய கரண்ட், வெளியே போய்க் கம்பத்தில் ஏறியது. எந்த வீடு என்று கடைசிவரை யாரும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு வேணிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பிடிவாதம்தான் மிச்சம். மகன் வளவன் கம்பத்தில் ஏறக் கூடாது. காட்டூர் வீட்டிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, ஸ்ரீரங்கத்தில் நல்லதம்பியின் மெஸ்ஸில் மாவரைத்து, காய் நறுக்கி, அவனைப் பன்னிரண்டாவது வரை கொண்டுவந்துவிட்டாள். அவனோ எலக்ட்ரீஷியனுக்குத்தான் படிப்பேன் என்று நின்றான். தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வேறு எதைச் சொன்னாலும் அவன் காதில் ஏறவில்லை.

சரி, பார்க்கலாம் என்று அரசாங்க ஐ.டி.ஐ.க்கு அவனோடு போனாள். இரண்டு வருடப் படிப்பு, மாதாமாதம் உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு என்றார்கள். மனசு கொஞ்சம் இளகியிருந்த நேரத்தில் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தாள். நடுவில் ஒரு மின்கம்பம். இடுப்பில் பெல்ட் கட்டிய ஒரு பையன் பாதி உயரத்தில் நின்றுகொண்டிருந்தான். விண்ணப்பத்தை மகன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அது பயிற்சிக்குங்க. முறையா ஏறக் கத்துக் குடுக்கறோம்" என்றார் கமர் ஜஹான் என்ற ஆசிரியை. "முடிச்சுட்டு யாரும் கம்பம் ஏறியே ஆகணும்னு இல்லைங்க. இந்த சர்டிபிகேட் இருந்தா அப்ரண்டிஸ் போலாம், துவாக்குடி பக்கம் கம்பெனில சேரலாம். இது இல்லாதவங்களுக்குத்தாம்மா இங்க கஷ்டம்."

"நீங்க நல்லா சொல்றீங்க. நான் ஒருத்தரைத் தூக்கிக் குடுத்தவங்க" என்று எழுந்துவிட்டாள். ஆசிரியை வாசல் வரை வந்து இன்னொரு தடவை சொன்னார். வேணி திரும்பிப் பார்க்கவில்லை.

கே.கே. நகரில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் இருந்தது. ஆறே மாதத்தில் டிப்ளமா. ஏ.சி. போட்ட அறை, மேசைமேல் பலகை, பலகையில் சுவிட்ச், பல்பு. வாசலில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட பையன்கள் விமானத்துக்குப் பக்கத்தில் சிரிக்கிற பேனர். வேணி கேட்டது ஒரே கேள்விதான்: "இங்க கம்பம் இருக்குங்களா?" அங்கே இருந்தவர் பதறிப்போய், "சேச்சே, அதெல்லாம் நம்மகிட்ட கிடையாதுங்க" என்றார். மற்றவர்கள் சம்பளம் கேட்பார்கள், வேலை கேட்பார்கள். இவள் கம்பம் இல்லை என்றதுமே கும்பிட்டுவிட்டுச் சேர்த்தாள்.

பாவி மனுஷி! அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். வளவன் அதன் நகலை எடுத்துக்கொண்டு துவாக்குடியில் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. எல்லா வாசலிலும் ஒரே கேள்வி, "ஐ.டி.ஐ.யா?" இல்லை என்றதும் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவான். அரசாங்கப் படிப்பில் சேர்ந்துவிடுகிறேன் என்று அவன் ஒருமுறை வாயெடுத்தபோது, இவள் இரண்டு நாள் சோறு தின்னாமல் படுத்துவிட்டாள். அதோடு அவன் அந்தப் பேச்சை விட்டான். பிறகு ஒருநாள், கே.கே. நகரில் அபார்ட்மெண்டு வயரிங் வேலை கிடைத்திருக்கிறது என்றான். வேணிக்கு உச்சி குளிர்ந்தது. மெஸ்ஸில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

நான்கு மாதம் அந்தச் சந்தோஷம் இருந்தது.

அன்று ஸ்ரீரங்கத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணிக்கே கரண்ட் போயிற்று. கிரைண்டரில் பாதி அரைந்த மாவு. நல்லதம்பி பின்கட்டில் ஜெனரேட்டரைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். அது கிளம்ப எப்படியும் நேரமாகும் என்று வேணி தெருவுக்கு வந்து கறிவேப்பிலை வாங்கினாள். எதிர்க் கம்பத்தின்கீழ் நாலு பேர் கயிறும் ஏணியுமாக நின்றார்கள். உச்சியில் ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் போட்டிருந்த நீலச் சட்டையின் கிழிசலை முந்தாநாள் அவள்தான் தைத்தாள்.

"வளவா!"

மேலேயிருந்து குனிந்து பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"யாரும்மா அது? ஓரமா நில்லுங்க" என்றார் மேஸ்திரி.

"என் புள்ளைங்க. அவனுக்கு ஏறத் தெரியாதுங்க. அவன் படிச்ச எடத்துல கம்பமே கிடையாதுங்க" என்றாள் வேணி. கீழே நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

"நாலு மாசமா ஏறிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றான் வளவன் மெதுவாக. "அந்தப் பேப்பரை வச்சு வேற எவனும் எடுக்க மாட்டேங்கறான். இவங்க மட்டும்தான் பேப்பர் கேக்கல. நீ உள்ள போம்மா. லைன் ஆஃப்லதான் இருக்கு, பயப்படாத."

அப்பன் சொன்ன அதே வார்த்தை. பின்கட்டில் ஜெனரேட்டர் கிளம்பிய சத்தம் கேட்டது. கறிவேப்பிலையைத் தெருவிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

நல்லதம்பியின் ஏற்பாடு ஊரில் பாதிப் பேர் செய்கிற ஏற்பாடுதான். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயர். ஒன்றை ஜெனரேட்டரில் சொருகி, மற்றதைச் சுவரில் சொருகினால் மெஸ் முழுக்கக் கரண்ட் வந்துவிடும். அதற்கு முன்னால் மெயினை இறக்க வேண்டும். பல நாள் அவர் இறக்குவார். சில நாள் அவசரத்தில் மறந்துவிடுவார். அன்று மெயின் சுவிட்சின் கைப்பிடி மேலேதான் இருந்தது. வயரின் முனை சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வேணி பாய்ந்து இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்து இறக்கினாள். இறக்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"என்ன வேணி, பேய் புடிச்ச மாதிரி வர்ற? நானே இறக்கத்தான் போனேன்" என்றார் நல்லதம்பி. அவர் முகத்தைப் பார்த்தால் இறக்கப் போனவர் மாதிரி இல்லை.

"மேல என் புள்ள இருக்காண்ணே" என்றாள். "அவன் இறங்குற வரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன்."

"சாயங்காலம் வரைக்குமா?"

அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஆசிரியை வாசல் வரை வந்து சொன்னது இப்போது காதுக்குள் கேட்டது. கேட்டு என்ன பிரயோஜனம்? கம்பம் இல்லாத இடமாகத் தானே தேடிப் பிடித்து, தன் கையாலேயே பிள்ளையைக் கம்பத்தில் ஏற்றிவிட்டோம் என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை.

அப்போது பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு ஜெனரேட்டர் கிளம்பியது. அடுத்து எதிர்வரிசையில் ஒன்று. தெருமுனைப் பக்கம் இன்னொன்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் வேணி கதவுப் பக்கம் திரும்பினாள். போனால் இதை விட வேண்டும். போகாவிட்டால் அங்கே மெயினை இறக்கினார்களா என்று பார்க்க முடியாது. தெருவில் அப்படி எத்தனை மெயின் சுவிட்ச் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.