அவள் விட்டுப் போன கிழ நாய்

போன வருஷம் குறுவை நடவு நேரம். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மகளின் பிரசவத்துக்காக என் மனைவி மஸ்கட்டுக்குக் கிளம்பினாள். ஊறுகாய், பிரசவ லேகியம், பழம்புடவை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பெட்டியில் வைத்தவள், கிழ நாயை மட்டும் என் தலையில் கட்டிவிட்டாள். "நான் திரும்பி வர்றப்ப அது உசுரோட இருக்கணும், சொல்லிட்டேன்" என்றபோது அவள் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ முறை நான் வெளியூர் போயிருக்கிறேன், எனக்காக அந்தக் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

அந்த நாயை நாங்கள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. பல வருஷங்களுக்கு முன், சம்பா அறுவடையின்போது மெஷினில் மாட்டிப் பின்னங்கால் நசுங்கி வயலில் கிடந்தது. பிழைக்காது என்று எல்லோரும் ஒதுங்கிவிட, இவள்தான் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தாள். அன்றிலிருந்து நொண்டிக்கொண்டே எங்கள் வீட்டை ஆண்டு வருகிறது. ஆனால் இவள் அதைக் கொஞ்சி நான் கேட்டதே இல்லை. தட்டை வைக்கும்போதே அர்ச்சனை ஆரம்பித்துவிடும். "வந்துட்டியா மூதேவி? உனக்கு வடிச்சுக் கொட்டவா நான் பொறந்தேன்? தின்னுத் தொலை!" தெருக்கோடி வரை கேட்கும். அவள் திட்டி முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும்.

அவள் போனதும் வீடு அடங்கிப் போனது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. நிதானமாகக் காபி குடித்தேன், பேப்பர் படித்தேன். நாய் ஃபேனுக்கு நேர் கீழே படுத்துக் கிடந்தது. இரண்டு கிழங்களும் நிம்மதியாகக் காலம் தள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

நாய் என் கணக்கில் மண்ணைப் போட்டது. சாப்பிடவே மாட்டேன் என்றது. பால் சோறு, தயிர் சோறு, அவித்த முட்டை, கடைசியில் கோழிக்கறி வாங்கி எலும்பெல்லாம் நீக்கி வைத்தேன். எறும்புகள்தான் விருந்து சாப்பிட்டன. விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மனைவி வீடியோ காலில் "நாயைக் காட்டுங்க" என்றால், தூங்குகிறது, எழுப்பாதே என்று சமாளிப்பேன்.

ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனேன். மனைவி ஊரில் இல்லை என்பதையும் சொன்னேன். டாக்டர் பார்த்துவிட்டு, "நோய் ஒண்ணும் இல்லைங்க. வயசாயிடுச்சு, காதும் மந்தமாயிடுச்சு. வீட்டம்மாவைத் தேடுது போல. கொஞ்சம் பிரியமா பேசிக் குடுத்துப் பாருங்க" என்றார்.

மறுநாள் காலை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "என் ராசால்ல, ஒரு வாய் வாங்கிக்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலை கேட்டு வந்த எதிர்வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். "அக்காகிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கீங்களாண்ணே?" என்று சிரித்தாள். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மானம் போனதுதான் மிச்சம்.

இந்தக் கூத்தில் நேரம் போனதே தெரியவில்லை. அன்றைக்குத்தான் எங்களுக்கு நடவு. நான் ஓட்டமும் நடையுமாக வயலுக்குப் போனால், ஆட்கள் பக்கத்து வயலில் இறங்கிவிட்டிருந்தார்கள். "நீங்க வரலன்னதும் இவங்க கூப்பிட்டாங்க. நாளைக்கு வந்து நட்டுத் தர்றோம், கோவிச்சுக்காதீங்க" என்றார்கள். பறித்த நாற்று வரப்பில் வாடிக் கிடந்தது. கட்டுக் கட்டாகக் கிடந்த அத்தனை நாற்று முடிகளையும் நானே வாய்க்கால் தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்தால், தட்டில் சோறு வைத்தது வைத்தபடி. நாயும் படுத்தது படுத்தபடி. அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! அந்தத் தட்டைத் தூக்கிப் போய் அதன் முன்னால் ணங்கென்று வைத்தேன். "மூதேவி! உனக்கு வடிச்சுக் கொட்டவா நான் பொறந்தேன்? தின்னுத் தொலையேன்! நீ செத்து வச்சா அவளுக்கு யாரு பதில் சொல்றது?" என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

நாயின் காது நிமிர்ந்தது. வால் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது. முன்னங்காலை ஊன்றி எழுந்து, தட்டில் வாய் வைத்தது. நான் அசந்துபோய் வாயை மூடினேன். அதுவும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. மறுபடி திட்டினேன், மறுபடி தின்றது. திட்ட விஷயம் தீர்ந்துபோய் நடவு ஆட்களை, உர விலையை, கரண்ட்டு கட்டை எல்லாம் இழுத்துத் திட்டினேன். அது தட்டை நக்கி முடித்தபோது என் தொண்டை கட்டிவிட்டது, கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மனைவி கூப்பிட்டபோது தைரியமாக நாயைக் காட்டினேன். நடந்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அது சரி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள். காலையிலிருந்து டீயும் பன்னும்தான் என்று உளறிவிட்டேன். "இந்த வயசுல இது கூடவா ஒருத்தி சொல்லணும்? நான் இல்லன்னா அடுப்புப் பக்கமே போகக் கூடாதுன்னு வேண்டுதலா?" என்று பிடித்தாள் பாருங்கள்! மற்ற நாளாக இருந்தால் போனைத் தள்ளிப் பிடித்திருப்பேன். அன்று ஸ்பீக்கரில் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, ரசத்துக்குப் புளி கரைக்க ஆரம்பித்தேன். நாய் நொண்டி நொண்டி வந்து போனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

அவள் திரும்பி வந்துவிட்டாள், நாயும் இருக்கிறது. இன்றும் அவள் குரல் ஓங்கும்போதெல்லாம், நம்மைச் சாப்பிட வைக்க இந்த வீட்டில் ஓர் ஆள் இருக்கிறது என்று மனசு தெம்பாகிறது. அந்தக் குரல் என்றைக்காவது நின்றுபோனால், நாய்க்கு முன்னால் பட்டினி கிடக்கப் போவது நான்தான்.